கறுப்புக் கரை போட்ட பெட்டிகள்

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது பிடிக்கும். பிடிக்கட்டும், எனக்கு எதிலும் அவசரம் கிடையாது. கன்னடம் நன்றாகப் பேசுவேன், எழுத்து தெரியாது. இங்கிலீஷில் எண்கள் மட்டும் தெரியும். மைசூரில் பஸ் ஏறவும், ரேஷன் கடையில் என் கார்டைப் பிறத்தியார் கார்டோடு மாற்றிக் கொடுத்தால் கண்டுபிடிக்கவும் அது தாராளமாகப் போதும். இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் போய், "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று அனாவசியமாக நின்றவள் இல்லை நான்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் சேர்ந்து மைசூருக்கு மாற்றலாகி வந்தபோது நான் புதுப்பெண். முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் ரிட்டையர் ஆனதும் விஜயநகரில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். பையன் ஃபாக்டரி வேலைக்குப் போகிறான். மருமகள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் தமிழில் பாதி கன்னடம் இருக்கும், மீதியில் பாதி இங்கிலீஷ் இருக்கும். என்னை "அத்தே" என்பாள். கம்ப்யூட்டர் படித்தவள். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை. "தினமும் அதே பாடம், அதே கேள்வி அத்தே, நானே ஒரு டேப் ரெக்கார்டர் ஆயிட்டேன்" என்பாள். தொண்ணூறுகள் முடிகிற சமயம் அது. ஊரில் நாலு பேர் வெப்சைட், வெப்சைட் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். இவள் சென்டரை விட்டுவிட்டு, வீட்டிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வெப்சைட் செய்து தருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

என் பையன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஒரு வேலை பண்ணிப் பாரு. அது நெலைச்சா நீயும் நில்லு. இல்லேன்னா சென்டருக்கே திரும்பிப் போயிடு" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் சென்டருக்குத் திரும்பிப் போவது என்று பேச்சு வந்தாலே அவள் முகம் சுருங்கிப்போகும்.

அந்த ஒரு வேலை மண்டி மொஹல்லாவிலிருந்து வந்தது. அங்கே ஒரு சந்துக்குள் மாடியில் ஒருவர் வரன் பார்த்துச் சொல்லும் ஆபீஸ் வைத்திருந்தார். கன்னடக்காரர்கள், தமிழர்கள் எல்லாரும் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பையன்கள் எல்லாம் அமெரிக்கா, சிங்கப்பூர் என்று போய்விட்டதால், அங்கிருந்தே ஜாதகம் பதிய ஒரு வெப்சைட் வேண்டும் என்று கேட்டார். பெண்ணோ பையனோ, பெயர், நட்சத்திரம், படிப்பு, அப்பா பெயர், விலாசம் என்று பதினாலு விவரம் கேட்டு எழுதி வாங்கும் ஃபார்ம் ஒன்று அதில் இருக்க வேண்டும். அந்த ஃபார்ம்தான் முக்கியம், மற்றதெல்லாம் அலங்காரம் என்று சொல்லிவிட்டாராம்.

கம்ப்யூட்டர் நடு அறையில் இருந்தது. நான் கீரை ஆய்வது, அரிசி புடைப்பது எல்லாம் அந்த அறையில்தான். அதனால் அவள் செய்வதை ஆரம்பத்திலிருந்தே பார்த்தேன். முதலில் அந்தப் பெட்டிகள் சாம்பல் நிறத்தில், குழி விழுந்த மாதிரி இருந்தன. சிமெண்டில் கட்டிய சின்னச் சின்னத் தொட்டி மாதிரி. அவளுக்கு அது ஆகவே ஆகாது.

"உலகம் பூரா இதே பெட்டிதான் அத்தே. யார் பண்ணினாலும் இதேதான் வரும். ஆனா இப்ப இதை மாத்தலாம்னு வந்திருக்கு" என்று சொல்லி, யாரிடமிருந்தோ வாங்கி வந்த காகிதங்களைப் பக்கத்தில் பரப்பி வைத்துக்கொண்டு தட்டுவாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒரு விஷயம். பதினாலு பெட்டி இருக்கிறது, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கும், ஜன்னல் சட்டத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் போக வேண்டும் என்று நினைத்தேன். அவள் எங்கேயோ மேலே ஒரே ஒரு வரி எழுதினாள். பதினாலும் ஒரே சமயத்தில் மாறின. எனக்குக் கையிலிருந்த கீரை மறந்துபோயிற்று.

"மறுபடி பண்ணு" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே மறுபடி பண்ணினாள். பெட்டிகள் அகலமாயின. இன்னொரு வரி, குட்டையாயின.

அதில் இங்கிலீஷில் எழுதியிருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்தால் தெரியும்தானே. "உள்ள எழுத்து செவுத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது பாரு. மூச்சு விட எடமில்ல" என்று சொன்னேன். அவள் நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டாள். விலாசப் பெட்டி ஒரே வரியாக இருந்தது. "நம்ம விலாசம் அதுல அடங்குமா? கோயிலுக்கு எதிர சந்து, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடின்னு அதுவே நாலு வரி வருமே" என்றேன். பெரிதாக்கினாள். எங்களுக்குள் இந்தப் பேச்சு ஒரு பத்து நாள் நடந்தது. எனக்கு அந்தப் பத்து நாளும் நன்றாக இருந்தது என்று இப்போது சொல்வதற்கென்ன.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. அவளோடு சென்டரில் வேலை பார்த்த பெண் பேசினாள். நான் சமையலறையில் இருந்தேன். இவள் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண், கொடுப்பதற்கு முன் யாரிடமாவது காட்டிப் பார் என்று சொல்லியிருக்க வேண்டும். இவள் சொன்னது என் காதில் விழுந்தது. "யாரிடம் காட்டுவது? வீட்டில் அத்தைதான் இருக்கிறார். அவருக்கு ஓதோக்கே பரல்ல."

படிக்கவே வராது என்று அர்த்தம். அவள் சிரித்துச் சொல்லவில்லை. இளக்காரமாகவும் சொல்லவில்லை. வீட்டில் தேங்காய் தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னாள். அதுதான் எனக்குப் போய்த் தைத்தது. பத்து நாளாக நான் பார்த்தது, சொன்னது, அவள் கேட்டு மாற்றியது எல்லாம் கணக்கிலேயே வரவில்லை என்று தோன்றியது. நான் அடுப்பில் இருந்த ரசத்தை இறக்கி வைத்தேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மறுநாள் புதன்கிழமை காலை அவள் கூப்பிட்டாள். "அத்தே, ஸ்வல்ப இங்க வாங்க. முடிச்சுட்டேன்."

போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறம் போய், வெள்ளைப் பெட்டிகள் வந்திருந்தன. பெட்டிகளைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்புக் கோடு. அது போதாதென்று பதினாலையும் சேர்த்து வெளியே ஒரு தடித்த கறுப்புக் கரை. ஏதோ வெளிநாட்டு வெப்சைட்டில் பார்த்தாளாம். ரொம்ப டீசண்டாக இருந்ததாம்.

நான் எழுத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கரையைத்தான் பார்த்தேன்.

எழுத்து சரியாகத் தெரியாதவர்கள் ஓரத்தைப் படிப்பார்கள். குவார்ட்டர்ஸில் இருந்தபோது தபால்காரர் கதவிடுக்கில் கடிதத்தைச் செருகிவிட்டுப் போவார். எடுக்கும்போதே எனக்குச் சேதி தெரிந்துவிடும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம் அல்லது சீமந்தம். ஓரத்தில் கறுப்பு இருந்தால் சாவு, இல்லையென்றால் கருமாதி. எங்கள் அப்பா போன சேதி அப்படித்தான் வந்தது. கார்டின் ஓரத்தைப் பார்த்த உடனே அடுப்பை அணைத்துவிட்டேன். எழுத்துக் கூட்ட அன்றைக்குப் பொறுமை இல்லை, யார் என்பதை மட்டும் பக்கத்து வீட்டு அம்மாள் படித்துச் சொன்னாள்.

இவள், கல்யாணமாக வேண்டிய பெண்களின் பெயரை எழுத, கருமாதிப் பத்திரிகையைக் கட்டி வைத்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாது. அவள் வளர்ந்த வீட்டில் தபால் வந்தால் படித்தவர்கள் பிரித்துப் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஓரத்தை யார் பார்க்கிறார்கள்?

"நல்லா இருக்கு அல்வா அத்தே?" என்று, இல்லையா என்பதைக் கன்னடத்தில் கேட்டாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நான் அவளைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். படிக்கத் தெரியாதவளுக்கு என்ன தெரியும், நீயே பார்த்துக்கொள் என்கிற எண்ணம்தான். வேறு காரணம் தேடினால் அது பொய். அவளுக்கு இந்த வேலை நிலைத்தால்தான் ஆயிற்று என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே சும்மா இருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மனசு கேட்கவில்லை. சொல்லிவிடலாம் என்று அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் அப்போது அதே ஃபார்மை, வெப்சைட் பார்க்கிற வேறு ஒரு புரோகிராமில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பெட்டிகள் பழையபடி சாம்பல் தொட்டிகளாகவே இருந்தன. அவள் போட்ட கறுப்புக் கோட்டை அது மதிக்கவே இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"அப்புறம் அத்தே, ப்ளீஸ்" என்றாள், திரும்பாமலே.

அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நானாகச் சொல்ல வந்தேன், அவள்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மண்டி மொஹல்லாக்காரர் வந்தார். கூட அவருடைய அக்கா. ஆபீஸ் பெயருக்குத்தான் தம்பியுடையது, ஜாதகம் சேர்ப்பது, பொருத்தம் சொல்வது, இரண்டு வீட்டாரையும் சமாதானப்படுத்துவது எல்லாம் அக்காதான் என்பது வந்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க்காரர்கள். அந்த அம்மாளுக்கு என்னைவிட ஒரு பத்து வயசு குறைவு இருக்கும். மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு, காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் பென்ஷன்காரர்கள் நாலு பேரோடு மேல்கோட்டைக்கு பஸ் ஏறிப் போயிருந்தார். பையன் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மருமகள் ஃபார்மைத் திறந்து காட்டினாள். "சார், இதுல முதல் பேரை நீங்களே சொல்லுங்க. டைப் பண்ணிக் காட்டறேன்" என்றாள்.

அவர் அக்காவைப் பார்த்தார். "பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள போட்ருங்கம்மா. முதல் பேரு நம்ம வீட்டுப் பொண்ணோடதா இருக்கட்டும். அக்கா மகள். ரெண்டு வருஷமா பாக்கறோம், ஒண்ணும் கூடி வரல. இதுல போட்டாவது விடியட்டும்" என்றார்.

நான் காபி கலந்துகொண்டிருந்தேன். அது காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசற்படிக்கு வந்தேன். அதற்குள் மருமகள் அந்தப் பெண்ணின் பெயரை டைப் பண்ணிவிட்டாள். கறுப்புச் சட்டத்துக்குள் கறுப்பு எழுத்து.

அக்கா முதலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"அழிச்சுப்போடு கண்ணு."

"என்னம்மா? ஸ்பெல்லிங் தப்பா?"

"ஸ்பெல்லிங்கெல்லாம் சரிதான். மொதல்ல எம்பொண்ணு பேர அதுக்குள்ளருந்து எடு. அப்புறம் பேசிக்கலாம்."

மருமகள் பயந்துபோய் அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் போனது. கடைசி எழுத்து போகும்வரை அந்த அம்மாள் உட்காரவில்லை.

"என்ன தப்பு பண்ணிட்டேன்? சொன்னாத்தானே தெரியும்?" என்று மருமகள் கேட்டாள்.

"என்ன தப்பா? கருமாதிக் கடுதாசியாட்டம் சுத்தியும் கறுப்ப இழுத்து வெச்சுப்போட்டு, நடுவால எம்பொண்ணு பேர எழுதறயே! இதப் பாத்தா எவன் வரன் குடுப்பான் கண்ணு? துக்கம் கேக்கத்தான் வருவான்."

தம்பிக்கு தர்மசங்கடமாகிவிட்டது. "பரவாகில்லக்கா, சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணியிருக்கு" என்றார். பிறகு மருமகளிடம், கண்ணைப் பார்க்காமல், "பெங்களூர்ல ஒருத்தர் பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்கார். நாங்க யோசிச்சுச் சொல்றோம்மா" என்று பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்னவென்று வரன் பார்க்கும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மருமகள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதம் உட்கார்ந்து செய்த வேலை. கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், அது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த அம்மாள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "ஏனுங்கம்மா, ஊட்ல பெரியவங்க நீங்க இருக்கறீங்க. அதுக்குத்தான் தெரியல, நீங்களாச்சும் பாத்துச் சொல்லப்படாதுங்களா?"

மருமகள் எனக்காகச் சொன்னாள். "அத்தைக்குப் படிக்க வராதுங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தத் தடவை அவள் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அந்த அம்மாளும், ஓ அப்படியா, பாவம் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். நான் அப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. படிக்காதவள் என்று சொல்லி ஒரு நாளும் ஒரு இடத்திலும் தப்பித்துக்கொண்டதில்லை நான். அன்றைக்கு முதல் முறையாக அந்தக் கதவு எனக்குத் திறந்திருந்தது. தட்டில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"படிக்க வராது. பாக்க வரும்" என்றேன். "புதன்கிழமையே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன்."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்வது.

"எதுக்குங்க?" என்றாள் அந்த அம்மாள்.

"இவ மேல கோவம். அது எங்களுக்குள்ள. பொண்ணு பேரு வரும்னு நெனைக்கல. தப்பு என்னுதுதான். இவ பண்ணினது ஒண்ணும் தப்பில்ல, இவளுக்கு யாரும் சொல்லல."

அந்த அம்மாள் என்னை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாமியா மருமவ சண்டைக்கு எம்பொண்ணு தலைதான் கெடச்சுதுங்களா உங்களுக்கு? நல்லா இருக்குதுங்க நாயம்" என்றவள், "காபியக் குடுங்க, ஆறிப்போவுது" என்றாள்.

தம்பி பையைக் கீழே வைத்தார்.

அவர்கள் காபி குடிக்கிற நேரத்தில் மருமகள் அந்த ஒரு வரியைத் திறந்து மாற்றினாள். என் பக்கம் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. கறுப்பைச் சிவப்பாக்கினாள். பெட்டிகள் ஒரே சமயத்தில் ரத்தச் சிவப்பாயின.

"ஐயோ, இது கரண்ட் ஆபீஸ் அபாய போர்டு மாதிரி இருக்கும்மா. மண்டை ஓடு ஒண்ணுதான் பாக்கி" என்றார் தம்பி.

மஞ்சளாக்கினாள். வெள்ளைக்கு மேல் மஞ்சள் கோடு கண்ணுக்கே தெரியவில்லை. பெட்டி எங்கே இருக்கிறது, எங்கே எழுதுவது என்று தேட வேண்டியிருந்தது. அந்த அம்மாள்தான், "கோட்ட விடு கண்ணு, உள்ளார மஞ்சளப் பூசு. பத்திரிகைக்குப் பூசறாப்ல, லேசா" என்றாள். உள்ளே இளமஞ்சள் வந்தது. சுற்றிலும் ஒரு அரக்குக் கோடு போட்டாள். வெளியில் இருந்த தடித்த கரையை எடுத்தே விட்டாள்.

பார்க்க நன்றாக இருந்தது. பட்டுப்புடவை மாதிரி இருந்தது என்று தம்பி சொன்னார். ஆனால் நட்சத்திரம், ராசி இரண்டுக்கும் அம்புக்குறியை அழுத்தினால் கீழே பட்டியல் விழுகிற மாதிரி பெட்டி வைத்திருந்தாள். அது இரண்டும் மட்டும் உள்ளே மஞ்சளை வாங்கிக்கொண்டதே தவிர, ஓரத்தில் பழைய சாம்பலாகவே நின்றன.

"அதுங்க மட்டும் ஏன் அப்படி நிக்குது?"

"அதுக்குக் கரை மாத்த முடியாதும்மா. என்ன எழுதினாலும் கேக்காது."

"சொன்ன பேச்சு கேக்காதா? எங்கூட்டு ஆம்பளைங்களாட்டம்னு சொல்லு" என்றாள் அந்த அம்மாள். மருமகள் சிரித்துவிட்டாள். தம்பி கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை தாண்டி இரண்டு நிமிஷம்.

"இனி இன்னைக்குப் பேர் எழுத வேண்டாம். திங்கக்கிழமை சொல்றோம்" என்று எழுந்தார்கள். செய்கிறோம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வெற்றிலை பாக்கு கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். வாசலில் ஆட்டோ கிளம்பிப் போயிற்று.

மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் எனக்குப் பரிமாறினாள். கேட்காமலே மோர் ஊற்றினாள். பேச்சு மட்டும் இல்லை. பாத்திரமெல்லாம் ஒழித்துப் போட்ட பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"என்ன கோவம் அத்தே?"

சொன்னேன். போனில் சொன்ன வார்த்தையைக் கன்னடத்திலேயே திருப்பிச் சொன்னேன்.

"அது நெஜம்தானே அத்தே?"

"நெஜம்தான்."

"அப்புறம்?"

"நெஜத்த எங்கிட்ட சொல்லியிருந்தா ஒண்ணுமில்ல. அவகிட்ட எதுக்குச் சொன்ன? பத்து நாளா பக்கத்துல உக்காந்து பாத்தேனே, அதச் சொல்லலாம் இல்ல?"

"சொல்லியிருக்கணும்" என்றாள். பிறகு, "நீங்களும்தான்" என்றாள். அதற்கு மேல் அவளும் நீட்டவில்லை, நானும் நீட்டவில்லை. மன்னிப்பு கேட்டேனா என்றால், இல்லை. காலையில் சொன்னதே எனக்குப் பெரிசு.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் போன் அடித்தால் அவள்தான் ஓடுவாள். பையனிடம் நடந்ததைச் சொல்லியிருந்தாள். என் பங்கைச் சொல்லவில்லை என்று அவன் என்னிடம் பேசிய விதத்தில் தெரிந்தது. "என்னம்மா, கறுப்பு ஆகாதாமே. சென்டர்ல இன்னும் இடம் காலியா இருக்கான்னு கேட்டுப் பாக்கச் சொல்லட்டுமா?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டான். "திங்கக்கிழமை போகட்டும்" என்றேன்.

திங்கட்கிழமை காலை ஆட்டோ வந்து நின்றது. தம்பி வரவில்லை. அந்த அம்மாளும், கூட அந்தப் பெண்ணும் வந்தார்கள். நல்ல உயரம், கண்ணாடி போட்டிருந்தாள், ஏதோ காலேஜில் லேப்பில் வேலையாம். "இவளே எழுதட்டும், பேருக்கு ஒடயவ எழுதினாத்தான் நல்லது" என்றாள் அம்மாள். பெண் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், பெட்டி பெட்டியாகத் தாவித் தாவி நிரப்பிக்கொண்டு போனாள். வயசு எழுதும் பெட்டி வந்தது. அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு அலறினாள்.

"ரெண்டு கொறச்சுப் போடுடி!"

"பிறந்த தேதி அடுத்த பெட்டில இருக்கும்மா. கழிச்சுப் பாக்கத் தெரியாதவனா மாப்பிள்ளையா வரப் போறான்?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "பாத்தீங்களாம்மா, இப்படிப் பேசினா எங்க கூடி வரும்?" என்றாள். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. பெண் கடைசிப் பெட்டியையும் முடித்து, கீழே இருந்த பட்டனை அழுத்தினாள். போன் லைனில் கம்ப்யூட்டர் கத்தி, முனகி, கடைசியில் சேர்ந்துவிட்டது என்று மருமகள் சொன்னாள்.

"வேல எங்களுக்குப் புடிச்சிருக்குது. பெங்களூர்க்காரன் வேண்டாம். ஜாதகம் பாக்கற பக்கம், பொருத்தம் பாக்கற பக்கம் எல்லாம் நீயே பண்ணு" என்றாள் அம்மாள். "ஒண்ணே ஒண்ணு. எது போடறதா இருந்தாலும் உங்க அத்தைகிட்ட காட்டிப்போட்டுப் போடு."

"சரிம்மா" என்றாள் மருமகள்.

அவர்களை அனுப்பிவிட்டு வந்து, வாசல் கதவைச் சாத்திவிட்டு, அவள் என் எதிரில் நின்றாள். சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் செய்யவில்லை.

"அத்தே, அவங்க சொன்னாங்கன்னு இல்ல, நானே உங்ககிட்ட காட்டறேன். ஆனா பாத்தா சொல்லணும். சும்மா இருக்கறதா இருந்தா உள்ளேயே இருந்துக்கோங்க. எனக்கு அது பேடா."

வேண்டாம் என்று சொன்னாள். என் வீட்டில், என் நடு அறையில் நின்றுகொண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. மாமியார் பேசியதில்லை, வீட்டுக்காரர் பேசியதில்லை. நான் உள்ளே போய், துவைத்த துணியை மடிக்க ஆரம்பித்தேன். மெதுவாக மடித்தேன். ஒரு அரை மணி நேரம் இருக்கும். நடு அறையில் அவள் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தட்டுவாள், நிறுத்துவாள், பெருமூச்சு விடுவாள், மறுபடி தட்டுவாள். அவள் கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டாள் என்று எனக்குத் தெரியும், அவளும் என்னைப் போலத்தான்.

மடிக்க வேண்டிய துணி தீர்ந்ததும் எழுந்து போனேன். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். புதுப் பக்கத்தில் பெட்டிகள் இரண்டு வரிசையாக நின்றன, இடது பக்கம் பெண், வலது பக்கம் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளப் பெட்டி எதுக்கு அவ்வளவு பெருசு? பொண்ணோடத அந்த அளவுக்கு இழு" என்றேன்.

அவள் இழுத்தாள்.